சிக்லிட் மீன் ஏன் கல்லில் உரசுகிறது?

தாத்தா வீட்டு மாட்டுக்கு முதுகு அரித்தால் நேரே கிணற்றடித் தென்னைக்குத்தான் போகும். அது உரசி உரசியே அந்த மரம் இடுப்பு உயரத்துக்கு வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. இதற்கென்றே அந்தக் காலத்தில் குளக்கரையிலும் மேய்ச்சல் தரையிலும் கல் நட்டிருக்கிறார்கள். ஆவுரிஞ்சுகல் என்று பெயர். முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மீனுக்கும் கை கிடையாது. நிதானமாக நீந்திக்கொண்டிருக்கும் மஞ்சள் சிக்லிட் திடீரென்று ஒருக்களிக்கும். விலாவைக் கல்லில் வைத்து ஓர் இழுப்பு இழுக்கும். அடிவயிற்றின் வெளுப்பு ஒரு நொடி பளிச்சென்று தெரியும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய இடத்துக்கு வந்து நிற்கும். மீன் தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

பார்த்தவுடன் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை, கடைக்கு ஓடி நீல மருந்து வாங்கி வந்து ஊற்றுவது. நானும் அப்படி ஊற்றியவன்தான். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது ஒரே விஷயம்: மருந்து பாட்டிலைத் திறக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்.

முதலில், சிக்லிட் என்றால் என்ன?

பெயர்தான் புதிது, ஆள் பழக்கமானவர்தான். வாய்க்கால் மதகில் தூண்டில் போட்டால் முதலில் வந்து மாட்டுகிற ஜிலேபிக் கெண்டை ஒரு சிக்லிட். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று டெல்டாவில் அது இல்லாத குளமே இல்லை. கடையில் பார்க்கும் ஆஸ்கார், ஏஞ்சல், டிஸ்கஸ், தலையில் புடைப்போடு 'வாஸ்து மீன்' என்று விற்கப்படும் ஃப்ளவர்ஹார்ன், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த மஞ்சளும் நீலமுமான சிறு மீன்கள் எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

நமக்கென்று சொந்த சிக்லிட்டும் உண்டு. இந்தியாவில் இயற்கையாகவே வாழ்பவை மூன்று இனங்கள், மூன்றும் தென்னிந்தியாவில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கரிமீன். கேரளம் 2010-ல் அதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. இன்னொன்று ஆரஞ்சு குரோமைடு என்று கடையில் விற்கும் சின்ன மஞ்சள் மீன். உவர் கலந்த கழிமுகத் தண்ணீரில் இந்த இரண்டும் சேர்ந்தே திரியும். அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். கரிமீனின் உடம்பிலும் துடுப்பிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளையும் பூஞ்சையையும் ஆரஞ்சு குரோமைடு கொத்தித் தின்னும். கரிமீன் அசையாமல் நின்று காட்டும். அரிப்பெடுத்தால் ஆள் வைத்துச் சொறிந்துகொள்ளும் சிக்லிட் அது. நம் கண்ணாடித் தொட்டியில் அடைபட்ட மீனுக்கு அந்த வசதி இல்லை, கல்தான் கதி.

அரிப்பு எங்கே தொடங்குகிறது?

மீனின் செதில்தான் அதன் வெளித்தோல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. செதிலுக்கு மேலே உயிருள்ள மெல்லிய தோல் ஒன்று போர்த்தியிருக்கிறது, அதற்கும் மேலே வழுவழுப்பான கோழைப் படலம். மீனைக் கையில் பிடித்தால் வழுக்குவது அதுதான். கிருமிக்கும் ஒட்டுண்ணிக்கும் எதிராக மீன் வைத்திருக்கும் முதல் வேலி அது.

தோலைவிட மென்மையானது செவுள். மீன் மூச்சு வாங்குவது அதில்தான். அது மட்டுமில்லை, உடம்பில் சேரும் அம்மோனியா என்கிற கழிவை மீன் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. நமக்கு மூக்கும் சிறுநீரகமும் ஒரே இடத்தில் இருந்தால் எப்படியோ, அப்படி. அதனால் தண்ணீரில் எது கெட்டாலும் முதலில் எரிவது செவுள். எரியும் இடத்தை மீனால் தொட முடியாது. கன்னத்தைக் கல்லில் இடிக்கும், விலாவைத் தேய்க்கும், சில சமயம் மணலில் சரேலென்று உழுதுகொண்டு போகும்.

ஆக, உரசுகிற மீனுக்கு நோய் என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. சமையலறையில் மிளகாய் தாளித்தால் வீடு முழுக்க இருமும். அதற்காக எல்லோருக்கும் காசநோய் மருந்து கொடுக்க மாட்டோம், ஜன்னலைத் திறப்போம்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றிய கதை

அக்கா மகன் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறான். மூன்றடித் தொட்டியில் மஞ்சளும் நீலமுமாக ஒன்பது மலாவி சிக்லிட். போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் வந்தது.

"மாமா, மீனெல்லாம் கல்லுலயே போய்ப் போய் உரசுது. உடம்புல புள்ளி ஒண்ணும் இல்ல. கடையில கேட்டேன். வெள்ளைப்புள்ளி வரதுக்கு முன்னாடி இப்படித்தான் இருக்கும்னு நீல மருந்து குடுத்தாங்க. ஊத்தவா?"

"ஊத்தாத மாப்ளே. தண்ணி எப்ப மாத்துன?"

"ஞாயித்துக்கெழமதான். முழுசா மாத்திட்டேன். ஃபில்டர் பஞ்சைக்கூட குழாயில வச்சு, வெள்ளையாகுற வரைக்கும் அலசிட்டேன் மாமா."

அந்த 'வெள்ளையாகுற வரைக்கும்' என்பதில்தான் விஷயம் இருந்தது.

ஃபில்டர் பஞ்சில் இருக்கும் பழுப்பு நிறத்தை நாம் அழுக்கு என்கிறோம். அதில் பாதி உயிர். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். அதை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது ஓரளவு தாங்கக்கூடியது. இந்தப் பாக்டீரியா ஒரு புதுத் தொட்டியில் குடியேறி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சை அலசினால் அந்தக் குடியிருப்பில் பெரும்பகுதி சாக்கடையோடு போய்விடும். தொட்டி மறுபடி முதல் நாளுக்குத் திரும்பிவிடும், ஆனால் மீன் மட்டும் ஒன்பது உள்ளே இருக்கும்.

அவன் தொட்டியில் நடந்தது இரண்டு அடி. முதல் அடி குளோரின். குடிநீர் நம் வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. நம்மைக் காலராவிலிருந்து காப்பாற்றும் ஏற்பாடு அது. மழைக்காலத்தில் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தாராளமாகவே விழும், விழவும் வேண்டும். ஆனால் அந்த 0.2-கூட செவுளுக்கு எரிச்சல்தான். குழாயைத் திறந்து நேராகத் தொட்டியில் விட்டால் அன்று ராத்திரியே உரசல் தொடங்கும்.

இரண்டாவது அடி அம்மோனியா. பாக்டீரியா போய்விட்டதால் திங்களும் செவ்வாயும் அது ஏறிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை டெஸ்ட் கிட் வாங்கிப் பார்க்கச் சொன்னேன். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றான்.

1 என்பது பெரிய எண்ணா? அது தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-காரத்தன்மை அளவு, எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேஷத்தில் இருக்கும். ஒன்று அதிகம் கெடுதல் செய்யாத அம்மோனியம், இன்னொன்று செவுளைச் சுடும் அம்மோனியா. டெஸ்ட் கிட் இரண்டையும் சேர்த்தே காட்டும். 25 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் அந்த மொத்தத்தில் விஷம் நூற்றுக்கு அரைப் பங்குதான். பி.எச். 8 என்றால் ஐந்து பங்கு. 9 என்றால் முப்பத்தாறு. சூடு ஏற ஏற இது இன்னும் கூடும். அவன் தொட்டியில் பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி. விஷப் பங்கு ஏழுக்கு மேல். அதாவது லிட்டருக்கு 0.07 மில்லிகிராம். 0.05-ஐத் தாண்டினாலே செவுள் கெடத் தொடங்கும்.

மலாவி மீன் வளர்ப்பவர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மீன்களுக்குக் காரத்தன்மை உள்ள தண்ணீர்தான் பிடிக்கும், 7.8-லிருந்து 8.6 வரை. அதே காரத்தன்மைதான் அம்மோனியாவின் பல்லைக் கூராக்குகிறது. லேசான அமிலத் தண்ணீரில் டிஸ்கஸ் வளர்க்கிறவர் பிழைத்துப்போகிற அலட்சியத்துக்கு மலாவி வளர்க்கிறவர் விலை கொடுப்பார்.

அவனைச் செய்யச் சொன்னது

தீனியை நிறுத்தச் சொன்னேன். நன்றாக வளர்ந்த சிக்லிட் நாலைந்து நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. சாப்பிடாத மீன் அம்மோனியாவைக் குறைவாக விடும். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றச் சொன்னேன், முழுசாக இல்லை. மாற்றும் தண்ணீரை முந்தின நாளே டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப்பில் மாட்டிக் காற்றுக் குமிழி விடும் ஏர் கல்லைப் போட்டு ஒரு நாள் ஓடவிட வேண்டும். குளோரின் பறந்துவிடும். அவசரம் என்றால் கடையில் ஹைப்போ என்ற பெயரில் வெள்ளைப் படிகம் கிடைக்கும், சோடியம் தயோசல்ஃபேட். ஒரு வாளிக்கு ஓரிரு படிகம் போட்டுக் கலக்கினால் போதும். அப்புறம், தொட்டியில் இன்னொரு ஏர் கல். செவுள் புண்ணான மீனுக்கு மூச்சு வாங்குவதே பாடு. சூடான தண்ணீரில் பிராணவாயுவும் குறைவாகத்தான் கரையும்.

கூடவே கொஞ்சம் உப்பு. அம்மோனியா தணிந்ததும் அடுத்து நைட்ரைட் ஏறும். அது செவுள் வழியாக ரத்தத்துக்குள் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ரத்தத்தைப் பழுப்பாக்கிச் செயலிழக்கச் செய்யும். உப்பில் இருக்கும் குளோரைடு அதே வாசலில் போட்டி போட்டு நைட்ரைட்டை உள்ளே விடாது. லிட்டருக்கு ஒரு கிராம் போட்டாலே நல்ல பலன் தெரியும். மூன்றடித் தொட்டியில் கல்லும் மணலும் போக நிற்கும் தண்ணீர் சுமார் 130 லிட்டர், அதற்கு 130 கிராம். சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். 'ஒரு கை' என்று அளக்காதீர்கள், ஒவ்வொருவர் கையும் ஒவ்வோர் அளவு. வேதாரண்யத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சாதாரணக் கல்லுப்பே போதும். 'அக்வேரியம் சால்ட்' என்று அட்டைப் பெட்டியில் பத்து மடங்கு விலைக்கு விற்பதும் பெரும்பாலும் இதே சரக்குதான். ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, இரண்டு மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். செடியோ, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீனோ இருந்தால் இன்னும் குறைத்துப் போடுங்கள், அவற்றுக்கு உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது.

நீல மருந்து ஏன் வேண்டாம் என்றேன்? அது மெத்திலீன் ப்ளூ. முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தனிக் கிண்ணத்தில் போடலாம், அருமையான மருந்து. பெரிய தொட்டியில் ஊற்றினால் மிச்சம் மீதி இருக்கும் ஃபில்டர் பாக்டீரியாவையும் கொன்றுவிட்டு, தொட்டி ஓர சிலிக்கானுக்குச் சாயம் ஏற்றிவிட்டுப் போகும். என் பழைய தொட்டியின் மூலைகள் இன்னும் நீலமாகத்தான் இருக்கின்றன.

சனிக்கிழமைக்குள் எட்டு மீன் அடங்கிவிட்டன. ஒன்று மட்டும் அடங்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

போர் தண்ணீர் என்றால் கவலை இல்லையா?

குளோரின் கவலை இல்லை. வேறு கவலை உண்டு. நிலத்தடியிலிருந்து அப்போதே ஏறிய தண்ணீரில் பிராணவாயு குறைவு, கரியமில வாயு அதிகம். வெளியே வந்து காற்றுப் பட்டதும் அதன் பி.எச். மெல்ல ஏறும். அதாவது நீங்கள் ஊற்றிய தண்ணீர் தொட்டிக்குள்ளேயே குணம் மாறும். சில இடங்களில் இரும்பு வேறு. வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் அடியில் செம்படலம் படிகிறதே, அது உங்கள் வாளியில் படிவது போலவே மீனின் செவுளிலும் படியும். தீர்வு இதற்கும் அதுவேதான்: டிரம், ஏர் கல், ஒரு நாள்.

கடற்கரைப் பக்கம், நாகை வேதாரண்யம் வட்டாரத்தில், போர் தண்ணீர் கடினமாகவும் கொஞ்சம் உவர்ப்பாகவும் இருக்கும். மலாவிக்காரர்களுக்கு அது ஓரளவு ஒத்துவரும், டிஸ்கஸ்காரர்களுக்குத் தலைவலி.

இன்னொன்று சித்திரை வைகாசியில் நடக்கும். மொட்டை மாடி சின்டெக்ஸ் தண்ணீரில் மதியம் மூன்று மணிக்குக் கை வைத்துப் பாருங்கள், பொறுக்காது. அதைத் திறந்து தொட்டியில் விட்டு மீன் துள்ளுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், திறந்துவிட்டதும் நான்தான். கோடையில் தண்ணீர் மாற்றுவதை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயமும் தண்ணீர் விஷயம்தான். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அடித்தபோது மன்னார்குடியில் எங்கள் தெருவுக்குப் பல நாள் மின்சாரம் இல்லை. குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றித்தான் மீனுக்குக் காற்று கொடுத்தேன். அதில் மீன் பிழைத்தது. கரண்ட் வந்த சந்தோஷத்தில் மூடிப்போட்ட ஃபில்டரை அப்படியே ஓடவிட்டேன் பாருங்கள், அதில்தான் இரண்டு போயின. காற்றில்லாமல் உள்ளேயே அழுகிக் கிடந்த சரக்கு மொத்தமும் தொட்டியில் கொட்டியது. நாள்கணக்கில் நின்ற ஃபில்டரைக் கழற்றி, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிவிட்டுத்தான் போட வேண்டும். வாரா வாரம் பஞ்சு அலசுவதும் அப்படித்தான், எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு பிழி. வெள்ளையாக வேண்டாம்.

பத்து நிமிடம் எண்ணுங்கள்

சரி, தண்ணீரா பூச்சியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு நாற்காலியைப் போட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து, எந்த மீன் எத்தனை தடவை உரசுகிறது என்று எண்ணுங்கள். மறுநாளும் அதே நேரத்தில் எண்ணுங்கள். எல்லா மீனும் ஒரே நாளில், அதுவும் தண்ணீர் மாற்றிய பின் தொடங்கினால் தண்ணீர்தான். முதலில் ஒன்று, நாலு நாள் கழித்து மூன்று, வாரம் கழித்து எல்லாம் என்று பரவினால் ஒட்டுண்ணி.

ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, மற்றபடி தீனிக்கு ஓடி வருகிறது, துடுப்பை விரித்து நீந்துகிறது என்றால் விட்டுவிடுங்கள். நாம் தலை சொறிவதில்லையா. மலாவி ஏரியின் பாறைவாழ் மீன்களுக்குக் கல்லில் படர்ந்த பாசிதான் சாப்பாடு. அவை பக்கவாட்டில் சாய்ந்து பாசியைச் சுரண்டுவதையும் புது ஆட்கள் அரிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாய் கல்லில் இருக்கிறதா, விலா கல்லில் இருக்கிறதா என்று பாருங்கள். கான்விக்ட் என்கிற சிக்லிட் மாதிரி கல்லில் முட்டையிடும் ஜோடிகள் இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அதை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும், மேலேயே வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும். மண்சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்த என் தொட்டியில் இதைப் பார்த்துவிட்டு உப்புப் போட்டேன். மூன்றாம் நாள் சட்டிக்குள் முட்டை இருந்தது.

வெள்ளைப்புள்ளி: மழைக்காலத்து விருந்தாளி

ஒட்டுண்ணிகளில் அதிகம் பார்ப்பது இதுதான். உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவினது போல வெள்ளைப் புள்ளிகள். சில சமயம் செவுளில் மட்டும் தங்கியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, மீன் மட்டும் உரசும். கடைக்காரர் சொன்னதிலும் ஒரு பாதி உண்மை இருக்கத்தான் செய்தது.

டெல்டாவில் இது வருவது பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை. மே மாதம் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி வரை போகும்போது அந்தக் கிருமிக்கே தாக்குப்பிடிக்க முடியாது. அடைமழையில் ராத்திரியோடு ராத்திரியாக நாலைந்து டிகிரி இறங்கும்போது மீன் தளர்ந்துபோகும், அப்போது பிடித்துக்கொள்ளும்.

இதன் வாழ்க்கையைப் புரிந்துகொண்டால் வைத்தியம் தானாகப் புரியும். நாம் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் புதைந்து தின்றுகொண்டிருக்கும் பூச்சி. அங்கே எந்த மருந்தும் அதைத் தொடாது. வயிறு நிறைந்ததும் அது மீனை விட்டு உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, ஒன்று பல நூறாகப் பிளக்கும். அந்தக் குஞ்சுகள் தண்ணீரில் நீந்தி, இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். மருந்து வேலை செய்வது நீந்தும் அந்தக் கட்டத்தில் மட்டும்தான். அதனால்தான் புள்ளி மறைந்தது என்று மூன்றாம் நாள் வைத்தியத்தை நிறுத்துகிறவர்கள் பத்தாம் நாள் மறுபடி கடைக்குப் போகிறார்கள். புள்ளி மறையவில்லை, கீழே இறங்கிக் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது.

ஹீட்டர் போட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் 30 வரை ஏற்றுங்கள். சூட்டில் அதன் சுற்று வேகமாக ஓடி முடியும், பெரும்பாலான வகைகள் அந்த வெப்பத்தில் பெருக முடியாமல் நின்றுவிடும். லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு. கூடுதல் காற்று. இரண்டு வாரம் அப்படியே வைத்திருங்கள், புள்ளி போன பிறகும். அடிமணலைக் குழாயால் உறிஞ்சி எடுத்தால் ஒட்டிக்கொண்டிருப்பதிலும் பாதி போய்விடும். இதற்கும் அடங்கவில்லை என்றால்தான் ஃபார்மலினும் மாலகைட் க்ரீனும் கலந்த மருந்து. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், பாட்டிலில் போட்டிருக்கும் அளவை மீறாதீர்கள்.

இதிலேயே தங்கத்தூள் தூவியது போல நுண்ணியதாகத் தெரிந்தால் அது வெல்வெட் என்கிற வேறு நோய். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் மினுங்கும். அது ஓரளவு வெளிச்சத்தைக் கொண்டும் வாழும் கிருமி என்பதால், உப்போடு சேர்த்துத் தொட்டியைத் துணி போட்டு மூடி வைப்பது உதவும். குளத்திலிருந்து வெங்காயத் தாமரையோ பாசியோ பிடுங்கி வந்து போட்டிருந்தால் வேறு மாதிரி விருந்தாளிகளும் வரலாம். தட்டையாக, காசு மாதிரி ஒட்டிக்கொண்டு நகரும் மீன் பேன், நூல் மாதிரி தொங்கும் நங்கூரப் புழு. இரண்டும் கண்ணுக்கே தெரியும்.

அடங்காத அந்த ஒரு மீன்

அக்கா மகனின் தொட்டியில் எட்டு அடங்கி ஒன்று அடங்கவில்லை என்றேனே. நீல மீன். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்ப் பார்த்தேன். புள்ளி இல்லை. அம்மோனியா கிட்டத்தட்டப் பூஜ்யம். பத்து நிமிடத்தில் பதினாலு தடவை உரசியது. பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இடது செவுள் மூடி அசையவே இல்லை. ஒட்டிக்கொண்ட மாதிரி மூடியிருந்தது. வலது பக்கம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு முறை கொட்டாவி விட்டது, தொண்டையில் முள் சிக்கியவர் காறுவது போல.

இது செவுள் தட்டைப்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாது. கொக்கிகளால் செவுளில் தொங்கிக்கொண்டிருக்கும். உறுதி செய்ய மைக்ரோஸ்கோப் வேண்டும், நம் வீட்டில் யாரிடம் இருக்கிறது? ஒற்றைச் செவுள், உரசல், தண்ணீர் சுத்தம் என்ற மூன்றும் சேர்ந்தால் நான் புழு என்றே எடுத்துக்கொள்வேன். இதற்கு உப்பும் சூடும் போதாது. பிராசிகுவான்டெல் என்ற மருந்து வேண்டும், லிட்டருக்கு இரண்டிலிருந்து இரண்டரை மில்லிகிராம். ஃபில்டர் பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யாது, அந்த வகையில் நல்ல மருந்து. ஃபில்டரில் கரி போட்டிருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள், மருந்தை உறிஞ்சிவிடும். செவுள் புழு முட்டையிடும், முட்டையை இந்த மருந்து தொடாது. அதனால் ஐந்திலிருந்து ஏழு நாளில் பொரிந்த குஞ்சுகளுக்காக இன்னொரு தவணை. அவன் இரண்டு தவணையும் போட்டான். பத்தாம் நாள் இடது மூடி அசைந்தது.

புழு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஒரு மாதம் முன்பு புதிதாக மூன்று மீன் வாங்கி, பையைப் பிரித்துத் தண்ணீரோடு அப்படியே கவிழ்த்திருக்கிறான். "பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டேனே மாமா" என்றான். மிதக்கவிட்டால் சூடு சமமாகும், புழு இறங்கிப் போகாது.

மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கச் சொன்னேன். இருபது முப்பது ரூபாய்க்குக் கொடுத்துவிடுவார்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இருபது லிட்டர் தண்ணீர், பெரிய தொட்டி ஃபில்டரில் இருந்து கிள்ளிய ஒரு துண்டுப் பஞ்சு, ஓர் ஏர் கல். ராத்திரிக் குளிர் தெர்மாகோலுக்குள் அவ்வளவாக ஏறாது. புது மீனை வலையால் எடுத்து இதில் விட்டு, கடைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். மூன்று நாலு வாரம் இதிலேயே இருக்கட்டும். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்து அக்கா முகம் சுளித்தாள், கவிச்சு வாடை அடிக்கிறதாம்.

தை மாதம் இரண்டு மஞ்சள் மீன் வாங்கினான். ஒன்பதாம் நாள் ஒன்று ஏர் கல் குழாயில் போய் உரசியது, பதினோராம் நாள் வாலில் நாலு வெள்ளைப்புள்ளி. 130 லிட்டர் தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டிக்குள் ஒரு சின்ன ஹீட்டர், நாற்பது கிராம் கல்லுப்பு, இரண்டு வாரம்.